டப்பாவைத் திறக்காதே

அன்புள்ள மகனுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. குழந்தையின் பிறந்தநாளுக்கு எழுபது குக்கி, அத்தனையையும் முந்தின நாள் ராத்திரி கண்விழித்து அலங்கரிக்கப் போகிறாயாம். ஓரம் கட்டி, நடுவே நிரப்பி, அதன்மேல் பூவும் பெயரும் போட எழுபதுக்கு ஒரு ராத்திரி எந்த மூலைக்கு? முடித்துவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம், மேலே போட்ட ஐசிங், அந்தச் சர்க்கரைப் பூச்சு, காய வேண்டாமா? காலையில் டப்பாவில் அடுக்கும்போது ஒவ்வொன்றிலும் உன் கட்டைவிரல் ரேகைதான் பதிந்திருக்கும்.

இரண்டு மூன்று வாரம் முன்பே செய்து ஃப்ரீசரில் வைத்துவிடு. அலங்கரித்த பிறகு உறைய வைத்தால் நிறம் கலங்கிவிடும் என்று யாரோ உன்னைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். கலங்கும், நானே கலக்கியிருக்கிறேன். ஆனால் அதைச் செய்தது குளிர் இல்லை, ஈரம்.

நீ கல்லூரியில் இருந்தபோது தெரிந்தவர் வீட்டு விழாவுக்கு 48 குக்கி செய்து கொடுத்தேன். வெள்ளைப் பரப்பின் மேல் சின்னச் சின்னச் சிவப்பு ரோஜா. ஃப்ரீசரில் பத்து நாள் பத்திரமாக இருந்தன. விழாவன்று காலை வெளியே எடுத்ததும், ஒருமுறை பார்த்துவிடலாமே என்று மூடியைத் திறந்தேன். திறந்த கையோடு அழகு பார்த்துக்கொண்டு நின்றது வேறு! கொஞ்ச நேரத்தில் பனிக்கட்டி போட்ட டம்ளர் வியர்ப்பதுபோல் ஒவ்வொரு குக்கியும் வியர்த்தது. ரோஜாவைச் சுற்றி முதலில் இளஞ்சிவப்பாக ஒரு வளையம். பிறகு அது கசிந்து, மை கொட்டிய நோட்டுப் புத்தகம் மாதிரி ஆயிற்று. உன் அப்பா ஒரு வாரம் முழுக்க அவற்றைத் தின்று தீர்த்தார். ருசியில் ஒரு குறையும் இல்லை என்று தினமும் சொல்வார். அதைக் கேட்கத்தான் எரிச்சலாக இருக்கும்.

ஃப்ரீசருக்குள் -18 டிகிரி. அங்கிருந்து வந்த பொருளின் மேல் அறைக்காற்று பட்டதும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படியும். ஐசிங் என்பது பெரும்பாலும் சர்க்கரைதானே, நீர் பட்டால் கரையாமல் என்ன செய்யும்? டப்பா மூடியே இருந்தால் அந்த நீர் டப்பாவின் வெளிப்புறத்தில் படியும், துடைத்துவிட்டுப் போகலாம். ஆகவே முந்தின நாள் ராத்திரி நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: டப்பாவை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுத் தூங்கப் போ. காலையில் தொட்டுப் பார், டப்பாவில் குளிர்ச்சியே தெரியக் கூடாது. அதற்குப் பிறகு திற. மருமகளும் குழந்தையும் எவ்வளவு கெஞ்சினாலும் அதற்கு முன் திறக்காதே.

ஃப்ரீசருக்குள் போகும் முன்பும் இதே பொறுமை வேண்டும். ஐசிங்கின் மேல்தோல் ஒரு மணி நேரத்திலேயே காய்ந்ததுபோல் தெரியும். நம்பாதே, உள்ளே கூழாக இருக்கும். முழுதாக ஒரு நாள் காயவிடு. மின்விசிறிக்கு அடியில் வைத்தால் மேற்பரப்பு பளபளப்பாகக் காயும். அவசரப்பட்டு ஃப்ரிட்ஜில் வைத்துக் காயவைக்காதே, அங்கேயும் ஈரம்தான். ஐசிங்கில் தண்ணீர் கூடிவிட்டாலும் காயாது. கரண்டியால் தூக்கி ஊற்றும்போது கிண்ணத்தில் விழும் கோடு சுமார் 15 நொடியில் மறைய வேண்டும். ஐந்து நொடியில் மறைந்தால் இன்னும் கொஞ்சம் ஐசிங் சர்க்கரை சேர். பச்சை முட்டை வெள்ளைக்கரு வேண்டாம், சாப்பிடப் போவது குழந்தைகள். அதற்குப் பதில் மெரிங் பவுடர், அதாவது உலர்த்திய வெள்ளைக்கரு கலந்த பொடி, வாங்கிக்கொள்.

அடர்நிறங்களில் மட்டும் கூடுதல் கவனம். சிவப்பும் கறுப்பும் கலந்து வைத்த சில மணி நேரத்தில் தாமாகவே அடர்ந்துவிடும். அதனால் நீ நினைக்கும் நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்திக்கொள். அடியிலுள்ள வெள்ளை நன்றாகக் காய்ந்த பிறகே அவற்றை மேலே வை. பொன்துகள் தூவும் ஆசை இருந்தால், அது ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் குளிர் போன பிறகு.

அடுக்குவது பெரிய வித்தை இல்லை. காற்றுப் புகாத டப்பா, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே பட்டர் பேப்பர், ஆடாமல் இருக்க இடைவெளியில் கசக்கிய பேப்பர். நான்கு அடுக்குக்கு மேல் போகாதே. டப்பாவை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிவிடு. வெண்ணெய் பக்கத்தில் இருப்பதன் வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும், உன் ஃப்ரீசரில் மீன் எப்போதும் இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இந்த வாரமே நான்கே நான்கு செய்து பார். இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்து எடு. ஐசிங்கில் எண்ணெய்க் கறை மாதிரி திட்டுத்திட்டாகத் தெரிந்தால் குக்கியின் வெண்ணெய் மேலேறியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் ஐசிங்கை இன்னும் கெட்டியாக்கு. பிறகு ஒரு மாலை மாவு பிசைந்து ஃப்ரிட்ஜில் வை, மறுநாள் சுட்டு ஆறவிடு, அடுத்த இரண்டு மாலை அலங்காரம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றுகூடப் போடாதே. உன் கையெழுத்து பகலிலேயே ஒரு மாதிரிதான் இருக்கும்.

எழுபதுக்கு எண்பதாகச் செய்துகொள். எப்படியும் இரண்டு மூன்று உடையும், வாசலில் அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைக்கு ஒன்று கூடுதலாகக் கொடுக்க வேண்டி வரும். மிஞ்சுவதில் நான்கை வேறொரு சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரீசரிலேயே விட்டுவை. அடுத்த மாதம் நான் வருகிறேன். அதை நானே திறந்துகொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா