பிழை உங்கள் பக்கத்தில் இல்லை, என் பெட்டியில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொலைக்காட்சிப் பக்கத்தில் நிகழ்ச்சி நேரங்கள் தவறாக அச்சாகின்றன என்று இரண்டு மாதங்களுக்கு முன் சற்றுக் காட்டமாகவே ஒரு கடிதம் எழுதியிருந்தேன். அதைத் தாங்கள் வெளியிடவில்லை. வெளியிடாததற்கு இப்போது நன்றி சொல்கிறேன். தவறு என் வீட்டுக் கணினியின் கடிகாரத்தில் இருந்தது என்பது இந்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. பழைய கணினியில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துகொள்ளும் வாசகர்கள் என்னைப் போல் இன்னும் சிலராவது இருப்பார்கள் என்பதால், நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மாடியில் இருப்பது மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ். கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வரும் அலையை, கணினிக்குள் செருகிய டியூனர் கார்டு வாங்கிக்கொள்ளும். டிவிஹெட்எண்ட் என்ற இலவச மென்பொருள் குறித்த நேரத்தில் அதை வன்தட்டில் எழுதிவைக்கும். செயற்கைக்கோள் வழியாக வரும் நிகழ்ச்சி அட்டவணை எல்லா அலைவரிசைகளுக்கும் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஆகவே தங்கள் நாளிதழைப் பார்த்துத்தான் நான் நேரங்களைக் குறித்து வைப்பேன். மின்சாரத்தை மிச்சப்படுத்த, வேலை இல்லாதபோது கணினி அடுத்த பதிவுக்கான விழிப்பு நேரத்தைத் தாய்ப்பலகையில் (மதர்போர்டில்) பேட்டரியால் ஓடும் கடிகாரத்தில் எழுதிவிட்டுத் தானே அணைந்துவிடும். நேரம் வந்ததும் தானே எழுந்துகொள்ளும்.

இந்த ஏற்பாடு முதல் நாளே ஒழுங்காக ஓடிவிடவில்லை. டியூனர் கார்டை இயக்கும் உள்நிரலான ஃபர்ம்வேர் கோப்பு இல்லாததால் முதல் வாரம் ஓர் அலைவரிசைகூட வரவில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் செய்திப் பதிவில் அந்தக் கோப்பின் பெயரே இருந்ததைப் படிக்காமல், மாடிக்கும் கூடத்துக்கும் நடந்து டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அடுத்து, படம் கட்டம் கட்டமாக உடைந்தது. கேபிள் முனை துருப்பிடித்திருந்தது; மாற்றியதும் சரியாயிற்று. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த கோளாறுகள். நான் சொல்ல வந்த கோளாறு அப்படிப்பட்டதன்று.

நவம்பரில் இரண்டு முறை, குறித்த நிகழ்ச்சிக்குப் பதிலாக வேறு எதுவோ பதிவாகியிருந்தது. கோப்பின் பெயரிலும் தேதியிலும் நான் குறித்த நேரமே இருந்தது. தாய்ப்பலகையின் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று எண்ணி, சி.ஆர். 2032 ஒன்றை வாங்கி மாற்றினேன். அதன்பின் டிசம்பர் முழுவதும் ஒரு பிழையும் இல்லாததால், நோய் தீர்ந்தது என்றே நம்பினேன். அந்த மாதம் பேரனுக்கு அரையாண்டுத் தேர்வு என்பதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரியில் திருவையாற்று ஆராதனை வந்தது. பஞ்சரத்தின கீர்த்தனைகள் நேரடியாக ஒளிபரப்பாகும் அன்று காலை, அம்மாவைக் கண் பரிசோதனைக்குத் தஞ்சாவூர் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. முந்தின நாளே 9 மணிக்குப் பதிவு வைத்துவிட்டு, காலையில் கிளம்பினோம். மாலையில் அம்மா ஆவலோடு முன்னால் வந்து உட்கார, “ஜகதானந்தகாரக” கேட்க வேண்டிய இடத்தில் ஒருவர் சொட்டுநீர்க் குழாய் பதிப்பதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தார். கோப்பில் 9.00 என்றே இருந்தது. அப்படியானால் நாளிதழ்தான் தவறாகப் போட்டிருக்கிறது என்று அன்றிரவே எழுதிய கடிதம்தான் தங்களுக்கு வந்தது.

முடிச்சை அவிழ்த்தவர் எண்பத்து நான்கு வயதான என் அம்மா. போன திங்கட்கிழமை காப்பி குடிக்கும்போது, “ராத்திரி மூணரை மணிக்கு உன் பொட்டி தானா எந்திரிச்சு உறுமுதுடா, எனக்குத் தூக்கமே போச்சு” என்றார். அன்று நான் பதிவு வைத்திருந்தது காலை 9 மணிக்கு. ஒன்பதிலிருந்து மூன்றரையைக் கழித்தால் ஐந்தரை மணி நேரம். உலகப் பொது நேரத்துக்கும் (யு.டி.சி.) இந்திய நேரத்துக்கும் இருக்கும் இடைவெளி அதுவேதான்.

தாய்ப்பலகைக் கடிகாரத்தில் உலகப் பொது நேரம் இருக்கிறது என்று லினக்ஸ் கொள்கிறது. விண்டோஸோ, தனக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்து வழக்கத்தை விடாமல், அதே கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதிவைக்கிறது. என் கணினியில் பேரனுக்காக விண்டோஸும் உண்டு. அவன் இரவில் விளையாடி முடித்து மறுதொடக்கம் செய்துவிட்டுப் போவான். கணினி லினக்ஸுக்குள் வந்து, இந்திய நேரத்தை உலகப் பொது நேரம் என்று தவறாகப் படித்து, ஐந்தரை மணி நேரம் கூடுதலாகக் காட்டும்; விடியற்காலை மூன்றரையே அதற்கு ஒன்பது மணி. இணையம் இருந்தால் சில நொடிகளில் தன்னைத் திருத்திக்கொண்டுவிடும். ஆனால் இடிக்குப் பயந்து இரவு ஒன்பது மணிக்கெல்லாம் மோடத்தை அணைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே பேரன் இரவில் விளையாடிய மறுநாள் மட்டும் பிழை வரும். பகலில் மோடம் ஓடும்போது கணினியைத் திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். விழித்ததும் தவறு, பதிந்ததும் தவறு, கோப்பில் எழுதிய நேரமும் அதே தவறு என்று மூன்றும் ஒத்துப்போனதால், நாளிதழ் மட்டுமே பொருந்தாமல் நின்றது. லண்டனில் இருந்திருந்தால் குளிர்காலத்தில் இரண்டு நேரமும் ஒன்றே என்பதால், எனக்கு இது நவம்பரில் தெரிந்தே இருக்காது.

சோதித்தும் பார்த்தேன். விண்டோஸைத் திறந்து மூடி, மோடத்தைப் பிடுங்கிவிட்டு லினக்ஸுக்கு வந்தபோது, சுவர்க் கடிகாரத்தில் காலை 10.10, டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளை காட்டியது பிற்பகல் 3.40. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரியல்டைம்இஸ்யுனிவர்சல் என்ற மதிப்பை 1 என்று பேரன் அமைத்துக் கொடுத்தான். இனி இரண்டும் உலகப் பொது நேரத்தையே எழுதும். இணையம் இல்லாத வேளைக்கும் ஒரு வழி உண்டு. ஒளிபரப்போடு நாள், நேரமும் சேர்ந்தே வருகின்றன. அதைக் கொண்டு கணினியின் கடிகாரத்தைத் திருத்த டிவிஹெட்எண்டிலேயே வசதி இருக்கிறது. அதையும் இயக்கிவிட்டேன்.

ஆகவே என் பழைய புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் அதில் இருந்த ஒரே ஒரு வேண்டுகோளை மட்டும் விட மனம் இல்லை. தங்கள் பக்கத்தில் “12.30” என்று மட்டும் அச்சாகும்போது அது நண்பகலா நள்ளிரவா என்று தெரிவதில்லை, சனிக்கிழமைப் பட்டியலில் ஒரே அலைவரிசையின் கீழ் அது இரண்டு முறை வருகிறது. அந்த இரண்டு இடங்களில் மட்டுமாவது மு.ப., பி.ப. என்று சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
மன்னார்குடி