நம் வலைப் பை எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் கடையில் காய்கறிப் பையைக் கையில் எடுத்ததுமே பலரும் கேட்பது, "இது கடலுக்குள்ள இருந்து எடுத்த பிளாஸ்டிக்கா?" என்றுதான். பெரும்பாலும் இல்லை. தூத்துக்குடிக் கரையில் வலை பழுது பார்க்கும் கொட்டகைகளில், இனிமேல் தைத்துப் பிரயோசனம் இல்லை என்று ஒதுக்கிப்போட்ட வலைகளை எடைக்கு வாங்கித்தான் இவற்றைச் செய்கிறோம்.

கடலுக்குள் போன வலையை மீட்பது லேசான வேலை இல்லைங்க. நைலான் தண்ணீரைவிடக் கனம், அதனால் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், மாட்டி அறுந்த வலை அடியிலேயே கிடந்து, ஆளே இல்லாமல் மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். முக்குளிக்கத் தெரிந்தவர்கள் இறங்கி, பவளம் உடையாமல் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியும் பவளப் பார்தான், நினைத்துப் பாருங்கள். எடுத்த பிறகும் கொட்டலசு என்கிற ஓடுள்ள சிற்றுயிர் ஒட்டியிருக்கும், கண்ணிக்குக் கண்ணி மணல். அதே வலை கரை ஒதுங்கி மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தால் இழை இற்றுப்போய்விடும், பை தைக்க ஆகாது. பசிபிக்கில் மிதக்கும் பெரிய குப்பைப் பரப்பின் எடையில் ஏறக்குறைய பாதி, 46 சதவீதம், மீன்பிடி வலை என்று 2018-இல் வந்த ஆய்வு சொல்கிறது. அதனால்தான் கரையிலேயே வாங்கிவிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறோம்.

அதற்காகக் கடலில் கிடப்பதை அப்படியே விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. கொல்லம் பக்கம் நீண்டகரையில் 2017-இல் இருந்து, வலையில் மீனோடு ஏறி வரும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கடலில் கொட்டாமல் மீனவர்களே மூட்டை கட்டித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது தூளாகி, தாரோடு சேர்ந்து சாலைக்குப் போனது. எங்களுக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு அது.

சரி, விலை ஏன் கூட? முழுக்கக் கைவேலை. மிதவை, ஈயக்குண்டு, கயிறு எல்லாம் பிரித்தெடுத்து, அப்புறம் ஒவ்வொரு வலையிலும் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்போம். மிதந்தால் அநேகமாகப் பாலிஎத்திலீன், மூழ்கினால் பெரும்பாலும் நைலான். பாலிஎத்திலீன் சுமார் 130 டிகிரியில் உருகும், நைலான் 220-ஐ நெருங்கினால்தான் உருகும். இரண்டையும் கலந்து அனுப்பினால் மறுசுழற்சி ஆலையில் மொத்தச் சரக்கும் பாழ். பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசுகிறோம், முதல் அலசலிலேயே உப்பும் மீன் வாடையும் போய்விடாது.

பை கிழிந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள், கடைக்கே கொண்டுவாருங்கள். தைக்க முடிந்தால் காசு வாங்காமல் தைத்துத் தருவோம். முடியாவிட்டால் அதை நைலான் மூட்டையில் சேர்த்துவிட்டு, அடுத்த பைக்கு விலையைக் குறைத்துக்கொள்வோம். பழைய ரசீது தேவையில்லை.

இப்படிக்கு,
வலைப் பை கடையினர், தூத்துக்குடி