புலவா, அந்த ‘வெரி’யை எடுத்துவிடு

அன்புள்ள புலவா,

இவ்வளவு நாள் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரு தாளை அனுப்பி “கொஞ்சம் பார்த்துக் கொடு” என்று ஒற்றை வரியில் முடித்துக்கொண்டாயே, இது நியாயமா? இங்கே எல்லாரும் நலம். அக்காவின் முழங்கால் இப்போது தேவலை. நெட்டையன் அதே வேலையில், அதே சண்டையோடு இருக்கிறான். பெரியவர் உன்னை விசாரித்தார். சரி, விசாரிப்பு முடிந்தது. தாளுக்கு வருகிறேன். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை.

தலையில் அடிபட்டு, மருத்துவர் பார்த்து வீட்டுக்கு அனுப்பும் பிள்ளைகளின் பெற்றோர் கையில் கொடுக்கப்போகும் ஆங்கிலத் தாள் அது. எளிமையாக எழுதியிருக்கிறாய். பயமுறுத்தவில்லை, நல்லது. ஆனால் உன் பழைய கை அப்படியே இருக்கிறது. அழுத்தம் வேண்டும் என்று தோன்றிய இடத்திலெல்லாம் ஒரு ‘வெரி’ போட்டிருக்கிறாய். கல்லூரி மலரில் நீ எழுதிய இரங்கல் கவிதையில் இருந்த ‘மிக’க்களைப் பெரியவர் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தாரே, அவர் இதைப் பார்த்திருந்தால் பேனாவில் மை தீர்ந்திருக்கும்.

முதல் எச்சரிக்கையையே எடுத்துக்கொள். ‘இஃப் தி சைல்டு இஸ் வெரி ட்ரௌசி, கம் பேக் அட் ஒன்ஸ்.’ பிள்ளை மிகவும் தூக்கக் கலக்கமாக இருந்தால் உடனே திரும்பி வாருங்கள். ‘வெரி’ சேர்த்ததால் எச்சரிக்கை கூடிவிட்டதென்று நினைத்திருப்பாய். கூடவில்லை புலவா, குறைந்துவிட்டது.

‘தி சைல்டு இஸ் வெரி ட்ரௌசி’ என்று தனியாகச் சொன்னால் அது பலமான வாக்கியம்தான். அதையே ‘இஃப்’ பின்னால் வைத்தால் அது செய்தியாக இருப்பதில்லை, வாசலாகிவிடுகிறது. பெயரடைக்கு முன்னால் நிற்கும் வினையடை அந்த வாசலின் அளவைத் தீர்மானிக்கிறது. ‘வெரி’ போட்டால் வாசல் குறுகுகிறது. லேசாகக் கலங்கியிருக்கும் பிள்ளையின் தாய் உன் தாளைப் படித்துவிட்டு, ‘என் பிள்ளைக்கு அவ்வளவு இல்லையே’ என்று வீட்டிலேயே காத்திருப்பாள். அவள் செய்ததில் பிழை ஒன்றும் இல்லை. நீ எழுதியதைத்தான் அவள் படித்தாள்.

காற்புள்ளிக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. ‘இஃப் ஹி வாமிட்ஸ் அகெய்ன், இட் மே பி வெரி சீரியஸ்’ என்ற உன் இரண்டாவது எச்சரிக்கையில் ‘வெரி’ நீ விரும்பிய வேலையைச் செய்கிறது, அபாயத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. ஒரே சொல், ஒரே வாக்கிய அமைப்பு. நிபந்தனைப் பகுதியில் நின்றால் விதியைத் தளர்த்துகிறது, விளைவுப் பகுதியில் நின்றால் இறுக்குகிறது. இலக்கணம் படித்த நம் இருவருக்கும் இதை யாரும் சொல்லித் தரவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ராண்டால்ஃப் குவர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 1985-இல் வெளியிட்ட ஆங்கிலப் பேரிலக்கணத்தில் இந்த அளவுச் சொற்களை ஆம்ப்ளிஃபையர், டவுன்டோனர் என்று பிரித்தார்கள். ஏற்றிச் சொல்பவை ஒரு பக்கம், இறக்கிச் சொல்பவை மறுபக்கம். சாதாரண வாக்கியத்துக்கு அந்தப் பெயர்கள் கச்சிதம். ‘இஃப்’ பகுதிக்குள் போனதும் ஏற்றுவது விதியை இறக்குகிறது, இறக்குவது விதியை ஏற்றுகிறது. ‘ஸ்லைட்லி’ எவ்வளவு சாதுவான சொல்! ‘இஃப் ஹி இஸ் ஈவன் ஸ்லைட்லி கன்ஃப்யூஸ்டு’ என்று எழுதிப் பார். தாளிலேயே கடுமையான கட்டளை அதுதான்.

இதற்கென்றே பிறந்த சொற்களும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ‘இஃப் தி ஹெட்ஏக் கெட்ஸ் எனி வர்ஸ்.’ தலைவலி கொஞ்சம் கூடினாலும் போதும், வா. இதில் உள்ள ‘எனி வர்ஸ்’ஸைப் பிடுங்கி ‘தி ஹெட்ஏக் இஸ் எனி வர்ஸ்’ என்று தனியாக வைத்தால் ஆங்கிலம் ஏற்பதில்லை. எதிர்மறையில் வரும், கேள்வியில் வரும், ‘இஃப்’ பகுதியில் வரும். ‘அட் ஆல்’ கூட அப்படித்தான். ‘இஃப் ஹி இஸ் அட் ஆல் அன்ஸ்டெடி’ என்றால் நடையில் துளி தடுமாற்றம் இருந்தாலும் என்று பொருள். 1979-இல் மொழியியலாளர் வில்லியம் லாடுசா தன் ஆய்வேட்டில் இதற்கு ஒரு காரணம் சொன்னார். சாதாரண வாக்கியத்தில் ‘மிகவும் கலங்கியிருக்கிறான்’ என்றால் ‘கலங்கியிருக்கிறான்’ என்பதும் உண்மை. மிகவும் கலங்கியவர்களின் சிறிய வட்டத்திலிருந்து, கலங்கிய எல்லாருடைய பெரிய வட்டத்துக்குப் போகிறோம். ‘கலங்கினால் வா’ என்ற விதியிலோ ‘மிகவும் கலங்கினால் வா’ என்பது தானாக அடங்கிவிடுகிறது. பெரிய வட்டத்திலிருந்து சிறிய வட்டத்துக்கு இறங்குகிறோம். இப்படித் திசை திரும்பும் இடங்களில்தான் ‘எனி’யும் ‘அட் ஆல்’லும் குடியிருக்கின்றன. இதை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நேரில் சொன்னால்தான் உனக்குத் தெரியும்.

அப்படியானால் எல்லா ‘வெரி’யையும் அடித்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. உன் தாளிலேயே கீழே ஓர் அறிவுரை இருக்கிறது: பிள்ளைக்குத் தூக்கம் வந்தால் தூங்கவிடுங்கள். மேலே ‘தூக்கக் கலக்கமாக இருந்தால் வாருங்கள்’, கீழே ‘தூக்கம் வந்தால் விடுங்கள்’. அம்மா எதைக் கேட்பாள்? விதிகள் ஒன்றுக்குள் ஒன்று ஒழுங்காக அடங்கும் என்று மேலே சொன்னேன். நிஜப் பேச்சில் அது எல்லா நேரமும் நடப்பதில்லை. ‘அறை கதகதப்பாக இருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன், தாங்க முடியாத அளவுக்குக் கதகதப்பாக இருந்தால் தூங்கியிருக்க மாட்டேன்’ என்று யாரும் தயங்காமல் சொல்வார்கள். நடக்காததைக் கற்பனை செய்து சொல்லும் வாக்கியங்களில் நிபந்தனையைக் கூட்டினால் பழைய முடிவு நிலைக்கும் என்று நம்ப முடியாது என்பதை 1973-இல் தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் விரிவாக வாதிட்டார். அடையைச் சேர்த்ததும் விளைவே தலைகீழாகிவிடலாம். உன் தாளில் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். தூக்கம் வந்தால் விடு. வழக்கத்துக்கு மாறான தூக்கம் என்றால் தூக்கிக்கொண்டு ஓடி வா.

அதனால் அந்த இடத்தில் ‘அன்யூஷுவலி ட்ரௌசி’ என்று எழுது என்பேன். ‘வெரி’ பிள்ளையை ஏதோ ஒரு பொது அளவுகோலில் நிறுத்துகிறது, எந்த அளவுகோல் என்று சொல்வதில்லை. ‘அன்யூஷுவலி’ அந்தப் பிள்ளையை அதே பிள்ளையின் நேற்றோடு ஒப்பிடச் சொல்கிறது. தன் பிள்ளை இந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது.

இன்னும் இரண்டு இடம். ‘கம்ப்ளீட்லி அன்ரெஸ்பான்சிவ்’ என்று போட்டிருக்கிறாய். கூப்பிட்டால் அறவே அசைவில்லை என்றால் அதற்குத் தாள் தேவையா? ‘நாட் ஃபுல்லி அலர்ட்’ என்று மாற்று. ‘நாட்’ முன்னால் நின்று ‘ஃபுல்லி’யை மறுக்கும்போது, முழுமைக்குக் கொஞ்சம் குறைந்தாலும் வாசல் திறந்துவிடும். கடைசியில் ‘இஃப் ஹி இஸ் க்வைட் வெல்’ விளையாடலாம் என்கிறாய். அந்த ‘க்வைட்’டை நம்பாதே. ஒருவருக்கு அது ஓரளவு, இன்னொருவருக்கு முழுக்க. பிள்ளையை மறுபடி ஓடவிடும் இடத்தில் இப்படி இரண்டு பக்கமும் சாயும் சொல் கூடாது.

நான் சொன்னதெல்லாம் சொல் எப்படி வேலை செய்கிறது என்பதுதான். கோடு எங்கே விழ வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேள். ஒவ்வொரு ‘இஃப்’ வரியையும் அவர் முன் வாசித்து, “இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் வரச் சொல்லலாமா?” என்று கேட்டுவிட்டு அந்தப் பதிலுக்கு ஏற்ற அடையைப் போடு. அடை தேவையில்லாத இடத்தில் பெயரடையை வெறுமனே விடு, அது தனியாக நிற்கும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் திருத்திய தாளை எனக்கு ஒருமுறை அனுப்பு. அவசரம் என்றால் போனில் வாசித்துக் காட்டு, ராத்திரி எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உன் கணக்கன்