‘இணைந்தது, ஆனால் இணையம் இல்லை’: ஐபி எண்ணை முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மடிக்கணினிக்கு வரும் இணையத்தைக் கைபேசி, டேப்லெட், டிவி ஆகியவற்றுக்குப் பகிர்வது பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த குறிப்பு, பகிர்வைத் தொடங்கும் வழியைச் சரியாகவே சொன்னது. ஆனால் வேலை செய்யாதபோது ‘கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள், டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள்’ என்பதோடு முடித்துக்கொண்டது. டிரைவரில் (வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளில்) கைவைப்பது கடைசி வேலை. அதற்கு முன், இணைந்த சாதனத்துக்கு என்ன ஐபி எண் (வலையமைப்பில் அதன் முகவரி) கிடைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டால் பழுது எந்தப் பக்கம் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இணையத்தைப் பகிரும் ‘மொபைல் ஹாட்ஸ்பாட்’டை இயக்கினால் மடிக்கணினி தனக்கு 192.168.137.1 என்ற எண்ணை வைத்துக்கொண்டு, வந்து சேரும் சாதனங்களுக்கு 192.168.137 என்று தொடங்கும் எண்களை வழங்கும். கைபேசியில் வைஃபை பெயரைத் தொட்டு விவரங்களைத் திறந்தால் அந்த எண் இருக்கும்.

அங்கே 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால், மடிக்கணினி எண் எதையும் வழங்கவில்லை, சாதனம் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பெரும்பாலும் இந்த எண்ணைக் காட்டாது. ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்ற இடத்திலேயே சுற்றிவிட்டுத் துண்டித்துக்கொள்ளும். காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, ‘இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்’ என்ற சேவை நின்றிருக்கும். விண்டோஸின் ‘சர்வீசஸ்’ பட்டியலில் அதைத் தேடி இயக்க வேண்டும். மற்றொன்று, தனியாக நிறுவிய ஆன்டிவைரஸின் ஃபயர்வால் (வலையமைப்புப் போக்குவரத்தை வடிகட்டும் காவல் மென்பொருள்), ஐபி எண் கேட்டு வரும் கோரிக்கைகள் நுழையும் வாயிலான யுடிபி 67-ஆம் போர்ட்டை அடைத்திருக்கும். ஃபயர்வாலை ஒரு நிமிடம் மட்டும் நிறுத்திச் சோதியுங்கள். சரியானால் அந்தப் போர்ட்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டு உடனே திரும்ப இயக்குங்கள். நிறுத்தியபடியே விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. சாதனத்தில் யாராவது எப்போதோ நிலையான ஐபி எண்ணைக் கையால் பதித்திருந்தாலும் இணைப்பு கிடைக்காது. அதைத் ‘தானியங்கி’ என மாற்ற வேண்டும்.

192.168.137 என்று சரியாகவே வந்தும் இணையம் இல்லை என்றால் பழுது அடுத்த கட்டத்தில் இருக்கிறது. இணைந்த சாதனம் இன்னொரு கணினியாக இருந்தால் அதில் 8.8.8.8 என்ற எண்ணுக்கு (இணையத்தில் உள்ள கூகுளின் சேவையகம்) பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி, அனுப்பிப் பாருங்கள். (192.168.137.1-க்கு அனுப்பிப் பதில் வரவில்லை என்று கலங்க வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் தன்னை நோக்கி வரும் பிங்கைத் தடுப்பது வழக்கம்தான்.) 8.8.8.8-இலிருந்து பதில் வந்து, இணையதளப் பெயரைக் கொடுத்தால் மட்டும் திறக்கவில்லை என்றால் அது டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) கோளாறு. சாதனத்தின் வைஃபை அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆண்ட்ராய்டில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ பகுதியில் ஏதேனும் சேவையகப் பெயர் எழுதியிருந்தால் அதையும் தானியங்கிக்கு மாற்றுங்கள்.

8.8.8.8-உம் பதில் தரவில்லையா? மடிக்கணினி தவறான இணைப்பைப் பகிர்கிறதா என்று பாருங்கள். ஹாட்ஸ்பாட் பக்கத்தில், எந்த இணைப்பிலிருந்து பகிர்வது என்று கேட்கும் பட்டியல் மேலேயே இருக்கிறது. கேபிளில் இணையம் வரும்போது அங்கே வைஃபை தேர்வாகியிருந்தால் சாதனங்களுக்கு எதுவும் போகாது.

விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறையாக்கி வேறொரு சேவையகம் வழியே அனுப்பும் வசதி) இங்கே தனிச் சிக்கல். அது மடிக்கணினியின் போக்குவரத்தைத் தன் வழியே திருப்பிக்கொள்கிறது. ஹாட்ஸ்பாட்டோ அதற்குக் கீழே இருக்கும் வைஃபை அல்லது கேபிள் இணைப்பைப் பகிர்கிறது. விபிஎன் செயலியின் தடுப்பு விதிகள் இந்த இரண்டாவது வழியை மறித்துவிடுவதுண்டு. விபிஎன்னைத் துண்டித்துப் பாருங்கள், இணையம் வந்தால் காரணம் அதுவே. விபிஎன் இணைப்பையே பகிர வேண்டும் என்றால் முதலில் ஹாட்ஸ்பாட்டை இயக்குங்கள். பிறகு கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் இணைப்புகளைத் திறந்தால் ‘லோக்கல் ஏரியா கனெக்‌ஷன்’ என்ற பெயருடன் ஒரு நட்சத்திரக் குறியும் எண்ணும் சேர்ந்த புதிய இணைப்பு ஒன்று தெரியும். ஹாட்ஸ்பாட்டின் மெய்நிகர் அடாப்டர் (மென்பொருளால் உருவான இணைப்பு) அதுதான். விபிஎன் அடாப்டரின் பண்புகளில் ‘ஷேரிங்’ தாவலுக்குப் போய்ப் பகிர்வை அனுமதித்து, கீழே அந்த நட்சத்திரப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறொரு இணைப்பில் ஏற்கெனவே பகிர்வு இயங்கினால் முதலில் அதை நீக்குங்கள். ஒரே நேரத்தில் ஓர் இணைப்பை மட்டுமே பகிர முடியும். இந்த வழியில் பகிரும்போது கணினியை மறுதொடக்கம் செய்த பிறகு பகிர்வு செயலிழப்பது மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்ட குறைபாடு. மேலே சொன்ன ‘இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்’ சேவையின் தொடக்க முறையைத் ‘தானியங்கி’ ஆக்கி, பகிர்வுக்கான குறியை எடுத்து மறுபடி இட்டால் திரும்ப வரும். நிலையான தீர்வுக்கு ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் தரவுத்தளம்) ஒரு பதிவு சேர்க்க வேண்டும். ஓரெழுத்தும் பிசகக் கூடாது என்பதால், நாளிதழில் படித்துத் தட்டச்சு செய்யும் காரியமல்ல அது.

ஹாட்ஸ்பாட்டின் பெயரே சாதனத்தில் தெரியவில்லை என்றால் அலைவரிசையைப் பாருங்கள். பிரிண்டர், ஸ்மார்ட் பல்பு, பழைய கைபேசி போன்ற பலவற்றுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்ற வேண்டும். மடிக்கணினியே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணையம் பெற்றுக்கொண்டிருந்தால் பல வைஃபை கார்டுகள் ஹாட்ஸ்பாட்டையும் அதே சேனலில்தான் நடத்தும். அப்போது மடிக்கணினியைக் கேபிளுக்கோ 2.4 வைஃபைக்கோ மாற்றுவதே வழி. வைஃபையில் வாங்கி வைஃபையிலேயே கொடுக்கும்போது வேகம் பாதியாகக் குறைவதும் பழுதல்ல. ஒரே ரேடியோ ஒவ்வொரு தரவையும் இருமுறை காற்றில் அனுப்ப வேண்டியிருக்கிறது.

அடிக்கடி அறுந்துபோகிறது என்பவர்கள் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் உள்ள ‘பவர் சேவிங்’கை அணைத்துவிடலாம். எந்தச் சாதனமும் இல்லாதபோது ஹாட்ஸ்பாட்டை நிறுத்துவது அதுதான். மூடியை மூடினால் மடிக்கணினி உறங்கிவிடாதபடியும் அமைக்க வேண்டும். ஒன்பதாவது சாதனம் சேர மறுத்தால் காரணம் தேட வேண்டாம், விண்டோஸின் வரம்பு 8 சாதனங்கள்.

மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எண்கள் மாறும். மேக்கில் 192.168.2 என்று தொடங்கும். வைஃபையில் வரும் இணையத்தை வைஃபையிலேயே பகிர மேக் பொதுவாக அனுமதிப்பதில்லை, கேபிளோ யுஎஸ்பியோ வேண்டும். லினக்ஸின் நெட்வொர்க்மேனேஜர் 10.42.0 வரிசையைத் தரும். அங்கே எண் கிடைத்தும் இணையம் வராவிட்டால், டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டகங்களில் இயக்கும் மென்பொருள்) நிறுவியிருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இணைப்பிலிருந்து இன்னோர் இணைப்புக்குக் கடத்தப்படும் போக்குவரத்தை அது இயல்பாகவே மறித்துவிடும்.

இனி டிரைவர். ‘ஹோஸ்டட் நெட்வொர்க் (விண்டோஸின் பழைய பகிர்வு வசதி) ஆதரவு: இல்லை’ என்று கட்டளைச் சாளரம் காட்டினால் கார்டையே மாற்றச் சொல்லும் பழைய அறிவுரை இன்னும் உலவுகிறது. மொபைல் ஹாட்ஸ்பாட் இயங்குவது வைஃபை டைரக்ட் (ரவுட்டர் இல்லாமல் சாதனங்கள் நேரடியாக இணைவது) முறையில். அந்தப் பழைய வசதி இல்லாத புதிய கார்டுகளிலும் அது நன்றாகவே ஓடும். ஹாட்ஸ்பாட்டை அமைக்கவே முடியவில்லை என்று விண்டோஸ் சொன்னால் மட்டும் டிவைஸ் மேனேஜரில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டச் செய்து, ‘வைஃபை டைரக்ட் வெர்ச்சுவல் அடாப்டர்’ முடக்கப்பட்டிருந்தால் இயக்குங்கள். அதன் பிறகும் வராவிட்டால் மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரைப் புதுப்பிக்கலாம்.

அலுவலக மடிக்கணினியில் பகிர்வுப் பொத்தானே மங்கலாக இருந்தால் அது நிர்வாகக் கொள்கையால் தடுக்கப்பட்டது. எந்த டிரைவரும் அதைத் திறக்காது, நிறுவனத்தின் கணினிப் பிரிவிடம்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்