பதினாறு கல் தாத்தாவுடையது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தாத்தாவின் கைக்கடிகாரத்தைக் கேட்டபோது, "அனுப்புகிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். அது ஒருமுறை என் கையால் கெட்டு, பிறகு என் கையாலேயே ஓடத் தொடங்கியது. போனில் சொன்னால் சிரித்துவிட்டு வைத்துவிடுவாய் என்பதால் இந்தக் கடிதம்.

என் அப்பா, அதாவது உன் தாத்தா, பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய எச்.எம்.டி. ஜனதா அது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து, அரசு நிறுவனமான எச்.எம்.டி. 1961இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய பிறகு, சம்பளக்காரர் கைகளில் பரவலாக ஏறிய வாட்ச்களில் அதுவும் ஒன்று. அப்பா காலையில் பல் துலக்குவதற்கு முன்பே அதற்குச் சாவி கொடுப்பார். பணிமனைச் சங்கு ஊதும்போது முள்ளைப் பார்ப்பார். சங்குதான் பிந்தி ஊதுகிறது என்று அவர் சொன்ன நாட்களும் உண்டு.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றதும், முப்பது வருடம் நோட்டு எண்ணிய விரல்களுக்கு ஏதாவது வேலை வேண்டும் என்றுதான் வாட்ச் பழுது பார்க்கக் கற்கத் தொடங்கினேன். பெரியகடை வீதியில் கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர், ஓடாத வாட்ச் ஒன்றைக் கொடுத்து, "இதைப் பிரித்துப் பூட்டுங்கம்மா, ஓடாவிட்டாலும் பரவாயில்லை" என்றார். பிரிப்பதற்கு முன், சாவி கொடுக்கும்போது முறுக்கேறி வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை மெதுவாக இறக்கிவிட வேண்டும் என்பது அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இறக்காமல் திறந்தால் அதில் தேங்கிய விசை முழுவதும் ஒரே நொடியில் பாய்ந்து சக்கரத்தின் பல்லை உடைத்துவிடும். சக்கரங்களின் முனைகளுக்கு ஊசி நுனியளவு எண்ணெய் போதும், பற்களுக்கு எண்ணெயே கூடாது, சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடும் பேலட் கவையின் முனைகளுக்கும் கூடாது என்பது இரண்டாவது. தையல் மெஷினுக்கு விடுவதுபோல விட்டு நான் நிறுத்திய வாட்ச்கள் மூன்று. சிறு ஸ்பிரிங்கைக் கழற்றும்போது இரண்டு கையையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு வேலை செய்தால், தெறிக்கிற ஸ்பிரிங் பைக்குள்ளேயே கிடக்கும் என்பதை நான் கற்றுக்கொண்டது, பூஜை அறைத் தரையில் டார்ச்சுடன் இரண்டு மணி நேரம் தவழ்ந்த பிறகு.

இப்படி ஒரு வருடம் போனதும் தைரியம் வந்து, அப்பாவின் வாட்சைத் திறந்தேன். மூடியின் உட்புறம் ஊசியால் கீறிய தேதிகள் நான்கு இருந்தன. பழுது பார்ப்பவர்கள் சர்வீஸ் செய்த நாளை அங்கே குறித்து வைப்பது வழக்கம். கடைசித் தேதி 7.3.84. அதன்பின் யாரும் திறக்கவில்லை. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவியவள், வாட்சின் இதயம்போல இப்படியும் அப்படியும் ஊசலாடும் பேலன்ஸ் சக்கரம் இன்னும் சுத்தமாக வேண்டும் என்ற பேராசையில், அதை மட்டும் மருந்துக்கடை ஸ்பிரிட்டில் இரவு முழுவதும் ஊறப்போட்டேன்.

பேலன்ஸின் அடியில் கடுகில் கால்வாசிகூட இல்லாத ஒரு சிவப்புக் கல் உண்டு. சக்கரம் ஊசலாடும்போது அந்தக் கல்தான் கவையைத் தட்டித் தட்டி, மற்றச் சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கிறது. அதை ஒட்டியிருப்பது அரக்கு. நம் அரக்கு மாளிகை நெருப்புக்கு எரிந்தது; இது ஸ்பிரிட்டுக்குக் கரைந்துவிட்டது. கல் எந்த நிமிடத்தில் விழுந்ததோ, காலையில் ஸ்பிரிட்டைச் சாக்கடையில் ஊற்றியபோது அதுவும் போய்விட்டது. பூட்டிப் பார்த்தபோது பேலன்ஸ் அழகாக ஆடியது, ஆனால் வினாடி முள் அசையவில்லை. ஏன் என்று புரியவே இரண்டு நாள் ஆயிற்று. புரிந்த அன்று நான் சாப்பிடவில்லை. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை.

பெரியவர் திட்டவில்லை. ஒரு டப்பாவைக் கவிழ்த்து, டயல் துருப்பிடித்த இன்னொரு ஜனதாவைத் தேடி எடுத்தார். பேலன்ஸும், அதை ஊசலாட வைக்கும் முடி போன்ற சுருளான ஹேர் ஸ்பிரிங்கும் ஒன்றுக்கொன்று பொருத்தி நேரம் ஒழுங்கு செய்யப்பட்டவை என்பதால், கல்லை மட்டும் எடுக்காமல் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொன்னார். மூன்று மாலை அவர் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து மாற்றினேன். ஹேர் ஸ்பிரிங்கைத் தொடும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். அதில் ஒரு சுற்று இன்னொன்றின் மேல் ஏறிவிட்டால், அதைப் பிரிக்கும் வித்தை எனக்கு இன்றும் வராது.

ஆகவே உனக்கு வரும் வாட்சில் இதயம் மட்டும் வேறு யாருடையதோ. ஆனாலும் கணக்கு ஒன்று சொல்கிறேன். உராய்ந்து தேயாமலிருக்க இந்த வாட்சுக்குள் வைத்த சிறு கற்கள் பதினேழு. அவற்றில் சக்கரங்களுக்கு எட்டு, கவைக்கு நான்கு, பேலன்ஸின் முனைகளைத் தாங்க நான்கு ஆகியவை தட்டிலும் பாலங்களிலும் கவையிலும் பதிந்தவை. அவை இடம் மாறவில்லை. தட்டும் அந்த ஒரு கல் மட்டுமே பேலன்ஸோடு வந்தது. பதினாறு தாத்தாவுடையவை. இதை ஒளித்துவைத்து, "அப்படியே இருக்கிறது" என்று கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நீ அனுப்பிய ஆரஞ்சு நிற டயல் வாட்சின் படத்தையும் பார்த்தேன். எனக்காக வாங்க வேண்டாம். பழைய வாட்ச்களின் டயலை வழித்துக் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் மறுபடி பெயின்ட் அடித்து விற்பது பெரிய வியாபாரம். எழுத்துகளின் விளிம்பு பிசிறடித்திருப்பதைப் படத்திலேயே பார்க்கலாம். 2016இல் எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூடுவதென்று அரசு முடிவெடுத்ததிலிருந்து பழைய எச்.எம்.டி. வாட்ச்கள் மீதான ஆசை கூடிவிட்டது. என்னிடம் இருப்பவை பதினொன்று, எல்லாம் ஓடாமல் வந்து இப்போது ஓடுபவை. பன்னிரண்டாவதாக ஒன்று வந்தால் ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடுவதாக உன் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். 1960களுக்கு முந்தைய, இருட்டில் ஒளிர்ந்த டயல்களை மட்டும் நான் திறப்பதே இல்லை. அவற்றில் பூசியது பெரும்பாலும் ரேடியம். அரை ஆயுள் 1,600 ஆண்டு. ஒளி செத்திருக்கும், கதிர் சாகாது.

அடுத்த வாரம் சித்தி மகன் புனே வரும்போது வாட்சைக் கொண்டுவருவான். காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடு. திருகு இறுகியதும் நிறுத்து, அதற்கு மேல் ஒரு பல்கூட வேண்டாம். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதே. ஹேர் ஸ்பிரிங் காந்தமேறினால் தாறுமாறாக முந்தும். நீர் படக் கூடாது, கை கழுவும்போதும். கண்ணாடி பிளாஸ்டிக்தான், கீறல் விழுந்தால் பற்பசையை மென்மையான துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். அது மணிக்கு 18,000 முறை, ஒரு நாளைக்கு 4,32,000 முறை துடிக்கிறது. அத்தனைக்கும் நாளுக்கு இருபது நொடி முந்துகிறது. போனோடு ஒப்பிட்டுக் குறை சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை திருத்திக்கொள்.

மூடியின் உள்ளே, 7.3.84க்குக் கீழே, ஐந்தாவது தேதியை நான் கீறியிருக்கிறேன். கை நடுங்கி எட்டு சற்றே கோணலாகிவிட்டது. அதைப் பார்ப்பதற்காகக் கத்தியால் மூடியை நெம்பிவிடாதே. நான்கைந்து வருடத்தில் மறுபடி எண்ணெய் போட வேண்டும். அப்போது ஊருக்கு எடுத்து வா, நானே திறக்கிறேன்.

அன்புடன்,
அம்மா