செயலாளர் ஆண்டறிக்கை: இந்த வருஷம் ஹால்ல என்னெல்லாம் மாத்தினோம்

எல்லாருக்கும் வணக்கம். ஆண்டு விழா, உறுப்பினர் சேர்க்கை எல்லாம் வழக்கம்போல நல்லபடியா நடந்துச்சு. இந்த வருஷத்தோட பெரிய வேலைன்னா நம்ம ஹாலுக்கு யார் வந்தாலும் அடுத்தவங்க கைய எதிர்பாக்காம உள்ள வந்து போற மாதிரி பண்ணதுதான், அதைப்பத்தி கொஞ்சம் விவரமா சொல்லிடறேன்.

முதல்ல வாசல் ராம்ப், அதாவது வீல்சேர் ஏறி வர்ற சரிவுப் பாதை. கணக்கு 1க்கு 12, அதாவது 15 செ.மீ. ஏறணும்னா 1.8 மீட்டர் நீளம் வேணும், நம்ம வாசப்படி மொத்தம் 45 செ.மீ., அப்போ 5.4 மீட்டர் வருது, அவ்ளோ இடம் நேரா கிடையாது. குட்டையா போட்டு முடிச்சிடலாம்னு சிலர் சொன்னாங்க, ஆனா சரிவு செங்குத்தா இருந்தா வீல்சேர் பின்னாடி சாஞ்சிடும், தள்றவங்களுக்கும் ஆபத்து. அதனால சுவர ஒட்டி திருப்பி கட்டி, திரும்புற இடத்துல 1.5 மீட்டருக்கு சமதளம் விட்டு, ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்சிருக்கோம்.

டாய்லெட் விஷயத்துல வீல்சேர்ல வர்ற நம்ம உறுப்பினர் ஒருத்தருக்கு சங்கமே கடமைப்பட்டிருக்கு. ப்ளானை பாத்த உடனே கதவு வெளிப்பக்கமா திறக்கணும்னு சொன்னாங்க, ஏன்னா உள்ள யாராவது விழுந்துட்டா உள்பக்கம் திறக்குற கதவ அவங்க உடம்பே அடைச்சிக்கும், வெளிய இருந்து யாராலயும் உதவ முடியாது. பயன்படுத்தறவங்கள ப்ளான் போடும்போதே கூப்பிட்டு கேக்கணும்ங்கறது இதுக்குத்தான், கட்டி முடிச்சப்புறம் கேட்டா இடிக்கத்தான் வேணும்.

கதவுல இருந்த உருண்டை கைப்பிடிய எல்லாம் எடுத்துட்டு, அழுத்தினாலே திறக்குற நீட்டு லீவர் கைப்பிடி போட்டாச்சு. மூட்டுவலி இருக்கறவங்க மட்டுமில்ல, கையில குழந்தைய வச்சிருக்கறவங்களும் இப்போ முழங்கையாலயே திறக்கறாங்க. யுனிவர்சல் டிசைன்ங்கற பேர பிரபலமாக்கின ஆர்க்கிடெக்ட் ரொனால்ட் மேஸ் சொன்னதும் இதைத்தான், தனியா ஸ்பெஷலா ஒண்ணு வேணாம், எல்லாருக்கும் சேத்தே பண்ணுங்கன்னு. அவரும் போலியோ வந்து வீல்சேர்ல இருந்தவர்.

வாசல்லேர்ந்து ஹால் வரைக்கும் பார்வையில்லாதவங்களுக்காக தடவுணர் ஓடு, அதாவது காலாலயோ குச்சியாலயோ தடவி வழி தெரிஞ்சிக்கற மாதிரி மேடா கோடும் புள்ளியும் இருக்கற ஓடு பதிச்சிருக்கோம். ஜப்பான்ல 1967ல முதல்ல போட்டது. கோடு இருந்தா அப்படியே நடக்கலாம், புள்ளி வந்தா நின்னு கவனிக்கணும். தயவுசெஞ்சு அது மேல பைக் நிறுத்தாதீங்க, நாற்காலி அடுக்காதீங்க, போன கூட்டத்துலயே நடந்துச்சு, நம்பி நடந்து வர்றவங்க அதுலயே மோதிக்குவாங்க.

பாக்கி இருக்கறது காது கேக்கும் கருவி போட்டவங்களுக்கு மைக் சத்தம் நேரா போற இண்டக்‌ஷன் லூப், அப்புறம் நோட்டீஸ்ல பெரிய எழுத்து. ரெண்டும் அடுத்த வருஷத்துக்கு. செலவு கணக்க பொருளாளர் இப்போ படிப்பாங்க.