கோடை விடுமுறை: நாங்கள் வரும் தேதிகள்

அஸ்ஸலாமு அலைக்கும் சொந்தங்களே,

நாங்கள் இருவரும் ஜூன் 10 அன்று துபாயிலிருந்து மதுரையில் இறங்கி நேராகக் கீழக்கரை வருகிறோம். முதல் மூன்று நாள் உம்மாவோடுதான், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். போன தடவை வாசலிலேயே என் கையைப் பிடித்தவர், பெட்டியை உள்ளே கொண்டுபோகக்கூட விடவில்லை. விசைப்படகுத் தடைக்காலம் 14 வரை இருப்பதால் மீன் விருந்தை அதற்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஏர்வாடி, பெரியபட்டினம், தொண்டி என்று எல்லா வீட்டுக்கும் வருவோம்.

ஜூலையில் பாரிஸில் தங்கச்சி வீடு, பிறகு சுவிட்சர்லாந்து. கூட வர நினைப்பவர்கள் இப்போதே ஷெங்கன் விசாவுக்கு, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசாவுக்கு, கொடுத்துவிடுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் விண்ணப்பிக்க முடியாது. அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

தங்கச்சி நம்மூர் இனிப்பான தொதல் கேட்டிருக்கிறாள். இறைச்சி, பால் பொருட்களை ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக விட மாட்டார்கள். தொதல் தேங்காய்ப்பாலில் கிண்டுவதுதானே, சரி. ஆனால் ஓலைப்பெட்டி வேண்டாம், இறுக்கமான டப்பாவில் தாருங்கள். போன வருடம் எண்ணெய் கசிந்து அவளுக்கு எடுத்த புதுச் சேலை முழுக்க ஊறிவிட்டது.